ஆடுகளமும் குடிகளின் ஒப்புதலும்

கடுகண்ணாவைக் கணவாயிலே, கொழும்பு - கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கின்றது. அவ்வீதிக்காக மலையை வெட்டியோர் இராசகாரிய முறையிற் கட்டாய ஊழியஞ் செய்த குடிகளாவர். வீதி பெரும்பயன் தந்தது உண்மை. அவர்தம் விருப்பத்தை எவருங் கேட்டிலர் என்பதும் உண்மை. பெருங்காரியம் எனப்படும் எதனையும் ஆராயப் புகுவோன் இவ்விரண்டனையும் வேறுவேறாக நிறுத்தல் வேண்டும்.

இக்காலத்துப் பெருங்காரியங்களுள் ஒன்று சர்வதேச விளையாட்டு விழா. அதனைத் தம் நகரம் ஏற்றலாகாதென மக்கள் எதிர்ப்பதைச் செல்வ நாட்டாரின் சலிப்பு என்பாருளர். அஃது ஆராயாக் கூற்று. 1972இல் கொலராடோ மாநில வாக்காளர், டென்வரில் நிகழவிருந்த 1976ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் விழாவுக்குப் பொதுப்பணம் வழங்க மறுத்தனர். விழா இன்ஸ்புரூக்கிற்குச் சென்றது. அதே இன்ஸ்புரூக் 2017இல், 2026ஆம் ஆண்டு விழா வேண்டாமென வாக்களித்தமை சுவையான செய்தி. ஹம்பேர்க் 2015இலும் கல்கரி 2018இலும் அவ்வாறே விலகின. இவர்கள் மறுத்தமைக்குக் காரணம் செல்வமன்று, முன்கூட்டியே கேட்கப்பட்டமையாம்.

கேளாதவிடத்து எதிர்ப்பு இல்லாமற் போவதில்லை, காலந்தாழ்த்தி வருகின்றது. 2010ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டு விழாவை நடத்தும் உரிமையை டில்லி 2003இற் பெற்றது. வாக்கெடுப்பு யாதுமில்லை. விளையாட்டுக் கிராமம் யமுனையின் வெள்ளச் சமவெளியில் அமைதலாகாதென 2007 ஆகஸ்டில் ஆற்றங்கரையிற் சத்தியாக்கிரகந் தொடங்கிற்று. அவ்விடம் வெள்ளச் சமவெளியன்றென 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றந் தீர்த்தபோது கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. வீட்டு நில உரிமை வலையமைப்பு வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் விழாவின் பொருட்டுக் குறைந்தது 200,000 பேர் குடியிருப்பினின்று அகற்றப்பட்டனர் என மதிப்பிட்டது. அரிய தொண்டு, ஆயின் அது வெளிவந்த ஆண்டு 2011. குடிசைகளும் போயின, விழாவும் முடிந்தது.

இலங்கையின் நிலை இன்னும் நுணுகி நோக்கற்பாலது. 2018ஆம் ஆண்டுப் பொதுநலவாய விழாவை அம்பாந்தோட்டை வேண்டிநின்று, 2011 நவம்பரில் கோல்ட்கோஸ்ட் நகரிடம் 43க்கு 27 என்ற வாக்குகளால் தோற்றது. வாக்களித்தோர் சென் கிட்ஸ் தீவிற் கூடிய சம்மேளனத்தார், அம்பாந்தோட்டையார் அல்லர். மௌனம் சம்மதத்தின் அறிகுறி என்பது வழக்கு. கேள்வியே எழாதவிடத்து அவ்வழக்குச் செல்லுமோ?

அவ்வாண்டு உலகக்கிண்ணத் துடுப்பாட்டத்திற்காகச் சூரியவெவவிலும் பல்லேகலையிலும் புது மைதானங்கள் அமைந்தன; கொழும்பிலுள்ள பிரேமதாச மைதானமும் புதுக்கப்பட்டது. துடுப்பாட்டச் சபை கடனில் மூழ்கிற்று. இறுதியாட்டம்வரை சென்ற வீரர்களே மாதக்கணக்காக ஊதியமின்றி இருந்தனர். செய்தித்தாளில் நாடோறும் பெயர் வருவோர்க்கு நேர்ந்தது இது.

கண்டிக்கோ ஏற்கெனவே ஓர் ஆடுகளம் இருந்தது. திரித்துவக் கல்லூரியின் அஸ்கிரிய மைதானத்தில் 1983 முதல் டெஸ்ட் ஆட்டங்கள் நிகழ்ந்துள. அது போதுமா, பல்லேகலையிற் புதியதொன்று வேண்டுமா என மாவட்டத்தாரிடம் வாக்குக் கேட்டிருக்கலாம். கேட்டிருப்பின் பல்லேகலையே வென்றிருத்தலுங் கூடும்; அஸ்கிரிய சிறிய மைதானம், கண்டியாரோ துடுப்பாட்டத்திற் பெருவிருப்பினர்.