கால் முதல் கண் வரை

"இப்போது உங்கள் கவனத்தை இடது காலின் கட்டைவிரலுக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே எழும் உணர்வுகளைத் தீர்ப்பிடாமல் கவனியுங்கள்."

பின்னணியில் புல்லாங்குழல். கூடவே கொஞ்சம் ஓடைத் தண்ணீர். செல்போனைத் தட்டினால் இப்படித் தமிழிலேயே நிறையக் குரல்கள் கிடைக்கின்றன. இதற்குப் பெயர் 'பாடி ஸ்கேன்' தியானம். திருச்சி தில்லைநகரில் போய் 'ஸ்கேன்' என்று கேட்டால் வேறு இடத்துக்கு வழிகாட்டுவார்கள். இதற்கு மெஷினும் கிடையாது, ரிப்போர்ட்டும் கிடையாது. படுத்துக்கொண்டு, குரல் சொல்லச் சொல்ல, கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை உடம்பை மனசால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான்.

இதைப் பிரபலமாக்கியவர் ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கர். மூலக்கூறு உயிரியல் படித்தவர். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்தவர்களுக்காக ஒரு வகுப்பு தொடங்கினார். 8 வாரப் பயிற்சி. வீட்டுப்பாடமாக 45 நிமிஷ கேசட். மூலச்சரக்கு நம் பக்கத்தது. பர்மாவில் ஊ பா கின் கற்றுக்கொடுத்த விபாசனா அது. அதே விபாசனாவை, பர்மாவில் பிறந்த வியாபாரி கோயங்கா 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். பீகாரின் முங்கேரில் சுவாமி சத்யானந்த சரஸ்வதி சொல்லிக்கொடுத்த யோக நித்ராவும் கிட்டத்தட்ட இதே வழிதான். அதில் வலது கைக் கட்டைவிரலிலிருந்து தொடங்குவார்கள்.

ஒரு விஷயத்தை இந்தக் குரல்கள் சௌகரியமாக மறந்துவிடுகின்றன. பாடி ஸ்கேன் ரிலாக்ஸ் ஆவதற்கானது அல்ல, இருப்பதை இருக்கிறபடி கவனிப்பதற்கானது. ரிலாக்ஸ் ஆனால் அது உபரி என்பதுதான் கபட்-ஜின்னின் பாடம். பி.காம். பாஷையில் சொன்னால், இது மார்ச் 31-ல் ஸ்டாக் எடுக்கிற மாதிரி. அலமாரியில் என்ன இருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்று எண்ணுகிறோம். எண்ணுவதால் லாபம் வந்துவிடாது. ஆனால் எண்ணாத கடைக்கு லாபமா நஷ்டமா என்றே தெரியாது. நம் குரல்களோ எடுத்த எடுப்பிலேயே 'பத்தே நிமிடத்தில் ஆழ்ந்த அமைதி' என்று தள்ளுபடி போர்டு மாட்டிவிடுகின்றன. அமைதி வராதவர் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, மறுநாள் இன்னொரு குரலைத் தேடுகிறார்.

அடுத்த குறை, தமிழ். கவனத்தைக் 'கொண்டு செல்ல' அது என்ன டிபன் கேரியரா? கட்டைவிரல் மேல் எந்த வழக்கும் இல்லாதபோது 'தீர்ப்பிடாமல்' இருப்பதென்ன? வாக்கியம் எல்லாம் இங்கிலீஷில் பிறந்து தமிழ்ச்சட்டை போட்டுக்கொண்டவை. பாதம் முடிந்ததும் 'கீழ்க்கால்' என்கிறார்கள். குதிகால், கணுக்கால், கெண்டைக்கால் எல்லாம் எங்கே போயின? பிடரியைக் 'கழுத்தின் பின்பகுதி' என்றும், புறங்கையைக் 'கையின் மேற்பகுதி' என்றும் சுற்றி வளைக்கிறார்கள். உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் பெயர் வைத்திருக்கிற பாஷையில், பெயரே தெரியாத மாதிரி தடவுகிறார்கள்.

'உணர்வுகள்' என்ற சொல் இன்னும் மோசம். நமக்கு 'உணர்வுகள்' வருவதில்லை. கால் மரத்துப் போகும், குறுகுறுக்கும், விண்விண் என்று தெறிக்கும். கண் எரியும். காது கிண்ணென்று அடைக்கும். டாக்டரிடம் போனால் இந்தச் சொற்களைத்தான் சொல்கிறோம், அவருக்கும் புரிகிறது. "கெண்டைக்கால் கடுக்குதா? சரி, கடுக்கட்டும்" என்று ஒரு குரல் சொன்னால் போதும், மனசு தானாக அங்கே போய்விடும்.

காலில் தொடங்கி மேலே ஏறிப்போகிற ஒரு தமிழ், காவிரிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. திருப்பாணாழ்வாரின் 'அமலனாதிபிரான்'. மொத்தம் பத்தே பாட்டு. ஸ்ரீரங்கத்தில் படுத்திருக்கும் பெருமாளைப் பாதத்திலிருந்து பார்த்துக்கொண்டு போகிறார். பாதம், சிவந்த ஆடை, தொப்புள், வயிற்றுப் பட்டை, மார்பு, கழுத்து, வாய், கண். பிறகு முழு மேனி. பத்தாவதில், இனி வேறு எதையும் பார்ப்பதாக இல்லை என்று கண்கள் நின்றுவிடுகின்றன.

'பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது' என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. பாடி ஸ்கேனில் படுத்திருப்பவரும் பார்ப்பவரும் ஒரே ஆள். இங்கே படுத்திருப்பவர் பெருமாள். அவருடைய அறிதுயிலைத்தான் வடமொழியில் யோக நித்திரை என்கிறார்கள். பார்ப்பவர் வெளியே நிற்கிறார், கண்ணை அகலத் திறந்துகொண்டு. அவர் அமைதியையும் தேடவில்லை. வாயைப் பார்த்ததும் ஒரு 'ஐயோ', நீல மேனியைப் பார்த்ததும் இன்னொரு 'ஐயோ'. இதைக் கேட்டுவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். பாதம் வந்து கண்ணுக்குள் புகுந்துகொள்கிறது. வயிற்றுப் பட்டை நெஞ்சுக்குள் உலாவுகிறது. மார்பு ஆட்கொள்கிறது. வாய் மனசைத் திருடுகிறது. கண் பித்தாக்குகிறது. வேலை செய்வது அந்தந்த அங்கம். ஆழ்வார் அகப்பட்டுக்கொள்கிறவர், அவ்வளவுதான். நம் குரல்களிலோ எல்லாமே ஏவல்: கொண்டு செல்லுங்கள், கவனியுங்கள், தளர்த்துங்கள். படுத்துக்கிடக்கிற ஆளுக்கு இவ்வளவு வேலை! மேலதிகாரியின் ஏவலிலிருந்து தப்பி வந்தவனுக்குப் புல்லாங்குழலோடு இன்னொரு மேலதிகாரி.

கபட்-ஜின்னையும் ஆழ்வாரையும் பக்கத்தில் வைத்தால் இன்னொரு கேள்வி வருகிறது. இந்தப் பயிற்சி யாருடைய உடம்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? அமைதியான அறை, கதவைச் சாத்திக்கொள்ள உரிமை, 45 நிமிஷம். உறையூரில் இரண்டு அறை வீட்டில் மாமியார், டி.வி., டியூஷன் பிள்ளை எல்லாவற்றோடும் இருக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது உண்டா? அவர் பகலில் படுத்தால் 'உடம்புக்கு என்ன?' என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் இன்னும் நாலு கேள்வி.

திருப்பாணாழ்வாரும் அதே உறையூர்க்காரர் என்பதே வைணவ மரபு. பாணர் குலத்தில் வளர்ந்தவர் என்பதால் அரங்கத்தில் கால் வைக்கவில்லை. காவிரியின் தென்கரையில் நின்றபடியே பாடினார். பெருமாளுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் கரைந்திருந்தவருக்குக் காதில் விழவில்லை. கல்லை எறிந்தார். ரத்தம் வந்தது. பிறகு அதே முனிவர் பெருமாளின் ஆணைப்படி அவரைத் தோளில் சுமந்துகொண்டு போனதாகக் கதை. வேதாந்த தேசிகர் இந்தப் பத்துப் பாட்டுக்கு எழுதிய உரையின் பெயரே 'முனிவாகன போகம்'.

எந்த உடம்பு உள்ளே வரக் கூடாது என்று சொன்னார்களோ, அந்த உடம்புக்குள் இருந்துதான் கால் முதல் கண் வரை இப்படிப் பார்க்கிற பார்வை வந்திருக்கிறது. அதுவும் காலில் தொடங்கி. கதை நடந்ததோ இல்லையோ, கதையைச் சொன்னவர்களுக்கு அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. நம் குரல்களில் அப்படி எந்த உறுத்தலும் இல்லை. தோள் ஏன் இறுகியது என்று கேட்காமலே தளர்த்தச் சொல்கின்றன. வாடகையால் இறுகியதா, வார்த்தையால் இறுகியதா?

பாராயணக்காரர்களையும் சும்மா விட முடியாது. அமலனாதிபிரானைப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வேகத்தில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. பாதத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு ஸ்டாப்பிங்கூடக் கிடையாது. அதற்குப் புல்லாங்குழலே தேவலை.

பயிற்சி உபயோகமானதுதான். தீராத வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கியது, ஏமாற்று வேலை இல்லை. தமிழில் சொல்லிக்கொடுப்பவர்கள் மூன்று காரியம் செய்தால் போதும். அமைதி கியாரண்டி என்ற போர்டைக் கழற்றுங்கள். கெண்டைக்காலைக் கெண்டைக்கால் என்று சொல்லுங்கள். படுக்க இடமில்லாதவருக்கும், கண்ணை மூட முடியாதவருக்கும் ஒரு ஐந்து நிமிஷப் பாடம் வையுங்கள்.

காவிரிப் பாலத்தில் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே செய்யலாம். குதிகால் பதிகிறதா, முழங்கால் வலிக்கிறதா, உள்ளங்கையில் கம்பி சில்லென்று இருக்கிறதா? ஸ்ரீரங்கம் வருவதற்குள் உச்சந்தலை வரை போய்விடலாம். இரைச்சலாக இருக்கும்தான். திருப்பாணாழ்வார் நின்ற கரையும் அப்படியொன்றும் நிம்மதியான இடம் இல்லையே.