கமரன் அம்மையாரின் இலங்கைப் படங்கள்

கண்டிக்குத் தெற்கே, பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரை (1815–1879) ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராக மேனாட்டார் போற்றுவர். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவைக் கற்ற மாணவர்க்கு இவர்தம் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் புதியவரல்லர்.

அம்மையார் கைக்குப் படப்பெட்டி வந்தது 1863இல், நாற்பத்தெட்டாம் வயதில். வைட் தீவின் பிரெஷ்வோட்டர் என்னும் சிற்றூரில், கோழிக்கூடு அவருக்குக் கண்ணாடி மனையாயிற்று, கரிக்கொட்டகை இருட்டறையாயிற்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவும் கடுந்தொழில் அது. கைகள் கறுத்தன, தகடுகள் உடைந்தன. உருவம் தெளிவில்லை என்று கைதேர்ந்தோர் நகைத்தனர். அவரோ படங்களுக்கு உரிமைப் பதிவு செய்து, இலண்டன் வணிகர் வழியே விற்பனைக்கும் விடுத்தார். டெனிசன், டார்வின் முதலியோர் அவர்முன் அமர்ந்தனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அன்னை மரியாளாகக் கோலம் பூண்டாள். வேடம் மரியாளுடையதாயினும், ஹில்லியர் என்னும் பெயரை இன்றும் நாம் அறிவோம்.

இலங்கையில் நிலைமை வேறு. 1875இல் கணவருடன் இங்கு வந்தவர், டிக்கோயாக் கோப்பித் தோட்டத்திலும் களுத்துறையிலும் வாழ்ந்தார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கு அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றிலே புராண வேடம் அருகியுள்ளது. வீட்டு ஏவலரும் தோட்டத் தொழிலாளரும் எனக் கருதப்படுவோர் தம் உடையிலேயே நிற்கின்றனர். அதே காலத்தில் கண்டியில் ஸ்கோவன் என்பார் நடத்திய நிலையத்தின் படங்களையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கே மனிதர் இன்ன இனத்தார், இன்ன தொழிலார் என்னும் மாதிரிகளாக விலைபோயினர். அம்மையாரின் படத்துப் பெண்ணோ மாதிரியாகச் சுருங்க மறுக்கிறாள். அவள் பார்வையில் தயக்கமும் உண்டு, தன்மானமும் உண்டு. கலையளவில் அம்மையாரே உயர்ந்தவர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆயினும் அவர் படங்களின் கீழும் பெயரில்லை. மொழி தெரியாமையே காரணம் என்பாருளர். அது பொருந்துமா? களுத்துறைக் குடியானவர் குழுவொன்றின் படத்திலே, சிறுமிக்கு வயது பன்னிரண்டு எனவும், கிழவர் அவளுக்குத் தாம் தந்தையென்றும் தமக்கு வயது நூறென்றும் கூறுவதாகவும் குறிப்புளது. வயதையும் உறவையும் கேட்க முடிந்தவருக்குப் பெயரைக் கேட்டல் அரிதோ? அதே களுத்துறையில் 1877இல் அவர் படம்பிடித்த ஓவியர் மரியான் நோர்த்தின் பெயர் மட்டும் மறையவில்லை. எனவே குறை மொழியின்பாற்பட்டதன்று. யார் பெயர் நினைக்கத்தக்கது என்னும் எண்ணத்தின்பாற்பட்டது.

இதனை அம்மையார் ஒருவர்மேல் மட்டும் சுமத்துதலும் நேர்மையன்று. மலையகத் தோட்டங்களிலே ஒருநாட் கூலிக்கே 'பேர்' என்பது வழக்கு. வேலை குறைந்தால் 'அரைப்பேர்'. கூலிக் கணக்கிற்காக ஆளின் பெயரைத் தவறாது எழுதிய உலகம், முகத்தின் கீழ் அதனை எழுத நினைக்கவில்லை. டிக்கோயாப் பகுதியின் அக்காலச் செக்றோல் ஏடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், நம் மாணவர் அவற்றை இப்படங்களோடு ஒப்புநோக்குவாராக.