நீளமான தமிழ்ச் சொல்லும் ஆறு அங்குலத் திரையும்

ஆறு அங்குல இ-இங்க் திரை, 300 பிபிஐ, இரவில் மஞ்சளாகும் விளக்கு, ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும் பேட்டரி. மின்வாசிப்பான்களின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான், எல்லாம் உண்மையும்கூட. திரைக்குள் இருக்கும் நுண்குமிழ்களில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் மிதக்கின்றன. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் அவற்றை இடம் மாற்றுகிறது, மாற்றிய பிறகு அப்படியே நிற்கின்றன. பேட்டரி தாங்குவதும், மொட்டைமாடி வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரிவதும் அதனால்தான்.

சில மாதங்களாக எனக்கு இரவு வாசிப்பெல்லாம் இப்படியொரு கருவியில்தான். ஆங்கிலப் புத்தகம் என்றால் குறை சொல்ல எதுவும் இல்லை. தமிழ் நாவலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே எரிச்சல் தொடங்கிவிடுகிறது.

‘அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம்’ என்று ஒரு வாக்கியம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கடைசிச் சொல்லில் மட்டும் 16 எழுத்து. கண்ணுக்கு இதமான அளவில் வைத்தால் இந்தத் திரையில் வரிக்கு ஏறக்குறைய இருபது எழுத்துதான் பிடிக்கும். நீளச் சொல்லுக்கு இடம் போதாததால் கருவி அதை முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளுகிறது. மிச்சமிருப்பது இரண்டே சொற்கள். இரு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்பதற்காக ‘அவளைப்’ இடது கோடிக்கும் ‘பற்றி’ வலது கோடிக்கும் போய் நிற்கின்றன. பக்கத்துக்கு நாலைந்து வரி இப்படி, பல் விழுந்த வாய் மாதிரி. கண் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் தடுக்கி, பிறகுதான் கதைக்குத் திரும்புகிறது.

அச்சுப் புத்தகத்தில் இந்தத் தொல்லை கிடையாது. வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்து மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோவது தமிழ் அச்சின் நெடுநாள் வழக்கம். ‘நினைத்துக்கொண்டி’ மேலே, ‘ருந்தபோதெல்லாம்’ கீழே. பழைய புத்தகங்கள் பலவற்றில் நடுவே சிறுகோடுகூட இருக்காது, நாமும் தடங்கலில்லாமல் படித்துக்கொண்டு போவோம். இதற்கான விதியும் எளிது: புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த அச்சுக்கோப்பாளர்களுக்கு இது விரல் நுனியில் இருந்தது. 1974இல் தொடங்கிய க்ரியா போன்ற பதிப்பகங்கள் பக்க வடிவமைப்பில் காட்டிய அக்கறையை அறிந்த வாசகர்களுக்கு, ஒரு வரி எப்படி அமைய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைக் கருவிக்குக் கற்றுத்தருவது பெரிய ஆராய்ச்சியும் அல்ல. டெக் என்னும் இலவச அச்சுக்கோப்பு மென்பொருளுக்காகத் தமிழ்ச் சொற்பிரிப்பு விதிகளை சந்தோஷ் தோட்டிங்கல் எப்போதோ எழுதிவிட்டார். சின்னஞ்சிறு கோப்பு அது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் கருவியில் ஆங்கிலச் சொல் அழகாக உடைகிறது, தமிழ்ச் சொல் உடைவதில்லை. அலட்சியம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இடது ஓரத்தை மட்டும் நேராக வைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் இடைவெளி போகிறது, வலது ஓரம் கோணல்மாணலாகிறது. இரண்டில் அதுவே மேல். தமிழ் படிப்பவர்கள் வாங்கியவுடன் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

செய்யுளை எந்த அமைப்பும் காப்பாற்றுவதில்லை. குறளின் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் முதலடியின் நான்காம் சீர் தனியே கீழே விழுகிறது. ஈரடி மூவடியாகிவிட, அடிகளின் தலையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிய வேண்டிய எதுகைக்கு நடுவே வேறொரு சீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையடக்க மலிவுப் பதிப்புகூடச் செய்யாத பிழை இது.

அகராதியும் அப்படித்தான். ஆங்கிலச் சொல்லின் மேல் விரலை வைத்தால் பொருள் வருகிறது. தமிழில் பகுதியோடு விகுதியும் உருபும் ஒட்டி நிற்கும். அகராதியிலோ ‘நினை’ மட்டும் இருக்கும். முழுச் சொல்லையும் தேடிவிட்டுக் கருவி வெறுங்கையோடு திரும்புகிறது. அகராதி இல்லாமல் சங்கப் பாடலைப் படிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய இழப்பு.

பழைய நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப்களை இதில் படிக்கலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அருமையான பழம்பதிப்புகள் கிடைக்கின்றன. ஆனால் டெமி அளவுப் பக்கத்தின் உயரம் ஏறக்குறைய எட்டரை அங்குலம், இந்தத் திரையின் உயரம் ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. எழுத்து எறும்பளவாகிவிடுகிறது. அதற்குப் பத்து அங்குலக் கருவி வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை யாருக்கும் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்திருக்கும் நூற்றுக்கணக்கான நூல்கள் இன்று என் சட்டைப்பைக்குள் இருக்கின்றன. கடையில் கிடைக்காத சிற்றிலக்கியம் ஒன்று நள்ளிரவில் வேண்டுமென்றால் நள்ளிரவிலேயே கிடைக்கிறது. அறுபதைத் தாண்டிய கண்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி ஒன்றே போதும், கொடுத்த விலைக்குச் சரியாகிவிடும்.

ஆகவே, நாவலும் கட்டுரையும் நிறைய வாசிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கவிதையும் உரைநூலும் வேண்டுவோர் அச்சுப் புத்தகத்தையே வாங்குங்கள். பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மின்னூலை விற்பனைக்கு விடுமுன் ஆறு அங்குலத் திரையில் ஒரு முறை திறந்து பாருங்கள். கருவி செய்யும் நிறுவனங்களிடம் சொற்பிரிப்பு வசதியை வற்புறுத்திக் கேளுங்கள். வாசகர்கள் தனித்தனியே எழுதும் புகாரைவிட, புத்தகம் தருபவர்கள் சேர்ந்து கேட்பது சீக்கிரம் காதில் விழும்.