அறிவு மேலாண்மையும் வணிகச் செயல்முறையும்: ஒரு திறனாய்வு

ஒரு நிறுவனத்தில் பணிபுரிவோரிடம் உள்ள அறிவைக் கண்டறிந்து, திரட்டி, பகிர்ந்து, மீண்டும் பயன்படுத்தும் முறையே அறிவு மேலாண்மை எனப்படும். கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு என ஒழுங்கான வரிசையில் நடைபெறும் வேலைகள் வணிகச் செயல்முறை எனப்படும். இவ்விரண்டையும் இணைத்தால் தவறுகள் குறையும், அனுபவசாலி ஒருவர் ஓய்வு பெற்றாலும் வேலை தடைபடாது என்று மேலாண்மைப் பாடநூல்கள் கூறுகின்றன. நோக்கம் சரியானதே. ஆனால் திரட்டிய அறிவு, வேலை நடக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறதா? இக்கட்டுரை அதையே ஆராய்கிறது.

கோட்பாடு

சொல்லில் முழுமையாக அடங்காத அறிவு உண்டு என்பதை மைக்கேல் பொலானி 1966இல் வெளியான தம் நூலில் விளக்கினார். இதனை உள்ளுறை அறிவு என்பர். எழுதி வைக்கக்கூடியது வெளிப்படை அறிவு. ஜப்பானிய அறிஞர்களான நோனகா, தகேயுச்சி ஆகிய இருவரும் 1995இல் எழுதிய நூலில் அறிவு நான்கு நிலைகளில் வளர்வதாகக் கூறினர். உடனிருந்து பழகுதல், சொல்லில் வெளிப்படுத்துதல், தொகுத்தல், செய்து தன்வயமாக்குதல் என்பவை அந்நிலைகள்.

பல நிறுவனங்கள் இவற்றுள் நடுவில் உள்ள இரண்டை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. எழுதுவதற்கும் தொகுப்பதற்கும் கணினி போதும். முதலும் கடைசியும் அப்படியல்ல. அவற்றுக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

இன்ஃபோசிஸ் கற்றுக்கொண்டது

இன்ஃபோசிஸ் நிறுவனம் ஊழியர்களின் அனுபவக் குறிப்புகளைச் சேர்க்க இணையத்தளம் ஒன்றை அமைத்தது. குறிப்பு தருவோருக்குப் புள்ளிகள் வழங்கும் திட்டத்தை 2001இல் கொண்டுவந்தது. புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். குறிப்புகள் வந்து குவிந்தன, தரம் குறைந்தது. எது பயனுள்ளது என்று தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. 2002இல் நிறுவனம் திட்டத்தைத் திருத்தியது. தவறை விரைவில் உணர்ந்து திருத்தியது பாராட்டத்தக்கது. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும் என்பதே இதிலுள்ள பாடம்.

இதே குறையைப் பள்ளியிலும் கண்டிருக்கிறேன். ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் வாரந்தோறும் பாடக் குறிப்பேடு எழுதினேன். கையொப்பம் தவறாமல் கிடைத்தது. ஆனால் எந்தக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், எந்த எடுத்துக்காட்டைச் சொன்னால் விளங்கும் என்பதை எனக்குப் பின் வந்த ஆசிரியரிடம் சொல்ல ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. குறிப்பேடுகள் அலமாரிக்குப் போயின. நான் வீட்டுக்கு வந்தேன்.

அரவிந்த் காட்டும் வழி

மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைத் தயார்செய்கின்றனர். கிராமப்புறப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளித்துக் கண் பரிசோதனை உள்ளிட்ட பணிகளை ஒப்படைக்கின்றனர். சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களைப் பதிந்து, மருத்துவர்களே ஆராய்ந்து திருத்திக்கொள்கின்றனர். இங்கே அறிவு வேலையின் ஒவ்வொரு படியிலும் இருக்கிறது. பிற மருத்துவமனைகளுக்குக் கற்பிக்க 1992இல் தனிப் பயிற்சி நிறுவனமும் அமைத்தனர். கற்க வரும் மருத்துவமனைகள் குழுவாக மதுரைக்கு வந்து நேரில் பார்த்துச் செல்கின்றன.

இதற்கும் எல்லை உண்டு. கண்புரை அறுவை பெரும்பாலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யப்படுவது. வேலை நாளுக்கு நாள் மாறும் அலுவலகத்தில் இம்முறையை அப்படியே பொருத்த முடியாது.

திருவண்ணாமலையில் ஓர் ஒப்பீடு

எங்கள் ஊரில் கார்த்திகை மகாதீபம் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படுகிறது. ஏற்றும் உரிமை மரபாகப் பருவதராஜகுலத்தாருக்கு உரியது. காற்றிலும் மழையிலும் தீபம் பதினொரு நாள் எரிய வேண்டும். கொப்பரையில் நெய்யும் திரியும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை உடன் மலையேறிப் பழகியே கற்க வேண்டும். இது வணிகம் அன்று. ஆயினும், கணினி தர இயலாத முதல் நிலையும் கடைசி நிலையும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன. மேலும், அறிவு உடையவருக்கே உரிமையும் மதிப்பும் இருக்கின்றன. நிறுவனங்களோ அறிவைக் கேட்கின்றன, மதிப்பைத் தர மறக்கின்றன. சொல்லிவிட்டால் தன் தேவை தீர்ந்துவிடும் என்று அஞ்சும் ஊழியர் எப்படிச் சொல்வார்?

முடிவு

அறிவு மேலாண்மைத் திட்டம் ஒன்றை மதிப்பிடும் மாணவர்கள், எத்தனை ஆவணங்கள் சேர்ந்தன என்று மட்டும் எண்ண வேண்டாம். இந்தக் குறிப்பை யார், எந்த வேலையின் எந்தப் படியில் பயன்படுத்துவார்? சொல்லிக் கொடுப்பவருக்கு நேரமும் மதிப்பும் உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை இல்லையெனில், அங்கே இருப்பது கிடங்கு மட்டுமே.