கூம்பும் விழுக்காடும்

படித்ததில் 10 விழுக்காடு நினைவில் நிற்கும், கேட்டதில் 20, பார்த்ததில் 30, பார்த்தும் கேட்டும் அறிந்ததில் 50 என்றொரு கணக்கு ஆசிரியர் பயிற்சிக் கூடங்களில் வேதவாக்காக வழங்கி வருகின்றது. இதற்கு எட்கர் டேல் என்னும் அமெரிக்கக் கல்வியாளரைச் சான்று காட்டுவர்.

டேல் 1946இல் வெளியிட்ட நூலில் ‘அனுபவக் கூம்பு’ ஒன்றை வரைந்தது உண்மை. ஆனால், அக்கூம்பில் விழுக்காடு ஒன்றேனும் இல்லை! நேரடி அனுபவம் அடியிலும் வெறும் சொல் உச்சியிலுமாக, கண்கூடானவற்றிலிருந்து கருத்தளவானவற்றை நோக்கி அது ஏறுகின்றது, அவ்வளவே. எண்கள் பிறர் ஏற்றியவை.

ஏற்றிய எண்களால் விளையும் தீங்கு சிறிதன்று. படம், ஒலி, எழுத்து யாவும் கூடக்கூடக் கல்வி பெருகும் என்று நம்பும் ஆசிரியர், திரை நிறைய வாக்கியங்களைக் காட்டி, அவற்றையே வாய்விட்டும் வாசிக்கின்றார். மின்னல் உண்டாகும் விதத்தை அசையும் படத்தாலும் பேச்சாலும் கல்லூரி மாணவர்க்கு விளக்கி ஆராய்ந்தனர் ரிச்சர்டு மேயரும் துணைவரும். 2001இல் வெளிவந்த அவ்வாய்வில், பேச்சையே எழுத்தாகவும் திரையில் சேர்த்துப் பெற்றவர் குறைவாகவே விளங்கிக்கொண்டனர். படத்தைத் தொடர வேண்டிய கண் எழுத்தின்பால் இழுக்கப்படுவதே காரணம் என்பர்.

எழுத்தே ஆகாது என்பதன்று. புதிய கலைச்சொல்லை எழுதிக் காட்டுதல் நன்றே. கருவியின் மீதும் குற்றமில்லை. மூலநூலைத் தேடிப் படி என்று மாணவனுக்குச் சொல்லும் ஆசிரியர், தாம் நம்பும் கணக்கிற்கும் மூலம் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.