ஆஷுக்கு ஏன் பதினொன்று ஆகவில்லை?

அக்கா பையனுக்குப் போன மாதம் 11 வயசு ஆனது. கேக் வெட்டி முடித்த கையோடு பழைய போகிமான் எபிசோடு ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவன் திடீரென்று கேட்டான்: "மாமா, ஆஷுக்கு எத்தனை வயசு?" பத்துடா என்றேன். "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ?" அப்பவும் பத்துதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இனிமே நான் அவனுக்கு அண்ணனா?" என்றான். அவனுடைய ஆறு வயசுத் தங்கச்சி, "எனக்கும் அவன் அண்ணன்தான்" என்றாள். அவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

நான் இந்த விஷயத்தில் ரொம்ப வருஷமாக ஒரே கட்சி. குழந்தைகளுக்கான தொடர் என்றால், பார்க்கிற குழந்தையோடு சேர்ந்து அதுவும் வளர வேண்டும். வளராத தொடர் சோம்பேறித் தொடர், பொம்மை விற்கிற தொடர். இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கட்சியில் பாதி தூரம் வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் போகிமான். 1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் தொடங்கியது. சடோஷி (நமக்கு ஆஷ்) பத்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். ஊர் ஊராகப் போகிறான், லீகில் மோதுகிறான், தோற்கிறான், அடுத்த ஊருக்குப் போகிறான். முதல் பெரிய லீகை அவன் ஜெயித்தது 2019இல், அலோலாவில். 22 வருஷம்! முதல் எபிசோடை ஏழு வயதில் பார்த்த பையனுக்கு அப்போது 29. வேலை, கடன், சில பேருக்குக் கல்யாணம். ஆஷுக்கு மட்டும் பத்து. ஒவ்வொரு ஊரிலும் கற்றுக்கொண்டதை அடுத்த ஊரில் பாதி மறந்துவிட்டு மறுபடி தொடங்குவான். வளராததை விட இதுதான் என்னை எரிச்சலாக்கியது. வயசு ஏறாதது ஒரு விதி என்றால் ஒத்துக்கொள்ளலாம், அறிவும் ஏறக் கூடாதா என்ன?

இதற்குப் பின்னால் ஒரு சின்ன தொழில் ரகசியம் இருக்கிறது. சடோஷிக்கு முதலிலிருந்து கடைசி வரை குரல் கொடுத்தவர் ரிக்கா மட்சுமோட்டோ என்ற பெண்மணி. டோரேமானில் நோபிட்டாவுக்கும் அப்படித்தான், 1979 முதல் 2005 வரை ஒரு பெண், அதற்குப் பிறகு இன்னொரு பெண். சிறுவனின் குரல் உடைந்துவிடும், பெரிய பெண்ணின் குரல் உடையாது. யார் குரல் கொடுப்பது என்று முடிவு செய்யும்போதே அந்தப் பாத்திரம் வளருமா வளராதா என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது.

பென் 10 இதற்கு நல்ல சாட்சி. 2005 டிசம்பரில் வந்த முதல் தொடரில் பென்னுக்குப் பத்து வயசு, குரல் டாரா ஸ்ட்ராங். தாத்தாவோடு ஒரு பழைய வண்டியில் கோடை விடுமுறைச் சுற்றுலா, கையில் கழற்ற முடியாத வாட்ச். 2008இல் ஏலியன் ஃபோர்ஸ் வந்தபோது பென்னுக்குப் 15, குரல் யூரி லோவென்தால். தாத்தாவைக் காணோம், பழைய வில்லன் கெவின் இப்போது கூட்டாளி, அவனிடம் ஒரு சூப்பரான கார். எல்லோரும் "தொடர் நம்மோடு வளர்ந்துவிட்டது" என்று கொண்டாடினோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் போனது இரண்டரை வருஷம்கூட இல்லை, பென் வளர்ந்ததோ ஐந்து வருஷம். பத்து வயதில் பார்க்க ஆரம்பித்தவனுக்கு அப்போது பன்னிரண்டுதான். தொடர் அவனோடு வளரவில்லை, அவன் எப்படி ஆக ஆசைப்படுகிறானோ அதை முன்கூட்டியே அவனுக்கு விற்றது. ஜாக்கெட், கார், காதலி. ஆசை காட்டுவது தப்பில்லை, ஆனால் அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்கக் கூடாது. பன்னிரண்டு வயதில் நமக்கு என்ன குழப்பம் இருக்குமோ அது அந்தத் தொடரில் எங்கேயும் இல்லை. அப்புறம் என்ன ஆனது? 2016இல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பத்து வயது பென், மறுபடி டாரா ஸ்ட்ராங், மறுபடி அதே கோடை விடுமுறை. பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். நானும் திட்டியவன்தான். ஆனால் 2016இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு ஒரு பென் வேண்டாமா? பதினாறு வயசு பென்னை நாமே வைத்துக்கொண்டால் அவன் யாரைப் பார்ப்பான்? இந்தக் கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவே இல்லை.

(கோராவின் கதை வேறு மாதிரி. அவதாரின் தொடர்ச்சியாக, பதினேழு வயது நாயகியோடு, அரசியலும் மனக்காயமும் கலந்து வந்த தொடர். 2014இல் மூன்றாம் சீசன் பாதியில் அதை டிவியிலிருந்து எடுத்து இணையத்துக்கு மாற்றினார்கள். வளர்ந்த பிள்ளையை எந்த பெஞ்சில் உட்கார வைப்பது என்று குழந்தைகள் சேனலுக்குத் தெரியவில்லை.)

நிஜமாகவே வளர்ந்த தொடர் என்று நான் ஒன்றைத்தான் முழு மனதோடு சொல்வேன்: அட்வென்ச்சர் டைம். 2010 முதல் 2018 வரை. ஃபின்னுக்கு ஆரம்பத்தில் 12 வயசு, கடைசியில் 17. குரல் கொடுத்த ஜெரமி ஷாடா நிஜமாகவே அந்த வயதுப் பையன். அவன் குரல் உடைந்தபோது ஆளை மாற்றாமல் ஃபின்னையே வளர விட்டார்கள். எட்டு வருஷத்தில் ஐந்து வயசு. கூட ஓடுகிறவன் கொஞ்சம் மெதுவாக ஓடுவது போல.

ஆனால் எனக்கு அதில் பிடித்தது வயசு ஏறியது இல்லை. ஐஸ் கிங் என்று ஒரு கிழவன் வருவான். நீல நிறம், நீள மூக்கு, இளவரசிகளைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை. முதல் இரண்டு சீசனில் அவன் ஒரு கோமாளி. ஃபின் அவனை உதைப்பான், நாம் சிரிப்போம். மூன்றாம் சீசனில் பழைய வீடியோ கேசட்டுகள் சில கிடைக்கின்றன. அதில் சைமன் என்று ஒரு சாதாரண மனுஷன், கண்ணாடி போட்ட ஆராய்ச்சியாளன், தலையில் வைத்த மந்திரக் கிரீடம் தன் புத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைப் பதிவு செய்துகொண்டே போகிறான். 2012இல் வந்த ஓர் எபிசோடில் இன்னொன்றும் தெரிகிறது: உலகம் அழிந்த காலத்தில் தனியாக நின்ற சின்னப் பெண் மார்செலினைக் காப்பாற்றி வளர்த்தவன் அவன்தான். இப்போது அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வீட்டில் மறதி நோய் வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தவர்களுக்கு அந்தப் பதினோரு நிமிஷம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, படம் இருட்டாகவில்லை. முன்பு சிரித்த அதே ஆள்தான், அதே மூக்குதான். பார்க்கிற பார்வை மட்டும் மாறியது. எட்டு வயதில் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று பத்து வயதில் புரிய வைக்கிறது. வளர்ச்சி என்று நான் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு விலையும் உண்டு. அந்தத் தொடரை நடுவிலிருந்து ஒரு ஏழு வயதுக் குழந்தைக்குப் போட்டுக் காட்ட முடியாது. அது ஒரு தலைமுறைக்கான பஸ், ஏறியவர்களோடு கிளம்பி, 2018 செப்டம்பரில் ஊர் போய்ச் சேர்ந்தது.

அப்படியென்றால் எல்லாத் தொடரும் இப்படிக் கிளம்பிப் போய்விட வேண்டுமா? நான் கட்சி மாறியது டோரேமானால். டிவித் தொடரால் அல்ல, அதற்கு முந்தைய மாங்காவால்.

டோரேமான் 1970 ஜனவரி இதழ்களில் தொடங்கியது. இதழ்களில் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷோகாக்குகான் பதிப்பகம் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக ஒரு மாத இதழ் நடத்தியது. மழலையர் முதல் நான்காம் வகுப்பு வரை ஆறு இதழ்களில் ஒரே சமயத்தில், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கதை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எளிமையான படம், நான்காம் வகுப்புக்குக் கொஞ்சம் சிக்கலான கதை. எல்லாவற்றையும் வரைந்தவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ. நோபிட்டா வளரவில்லை. வாசிக்கிற பிள்ளை ஏப்ரலில் அடுத்த வகுப்புக்குப் போகும், அங்கேயும் இதழ் இருக்கும், அதில் அந்த வயசுக்கு ஏற்ற டோரேமான் காத்திருக்கும். வளர்வது குழந்தையின் வேலை, படிக்கட்டு போட்டுக் கொடுப்பது இதழின் வேலை.

அப்போது ஐந்தாம் வகுப்பு இதழில் டோரேமான் கிடையாது. நான்காம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அதோடு சரி. அதனால் 1971 மார்ச் மாத நான்காம் வகுப்பு இதழில், டோரேமான் எதிர்காலத்துக்கே திரும்பிப் போய்விடுவதாக ஒரு கதை வரைந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் அடுத்த செட்டுக்கு இன்னொரு விடைபெறல். மற்ற வகுப்பு இதழ்களில் தொடர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிளம்புகிறவர்களை மட்டும் வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்.

மூன்றாவது விடைபெறல்தான் உலகப் பிரசித்தம். 1974 மார்ச், மூன்றாம் வகுப்பு இதழ். டோரேமான் நிம்மதியாகக் கிளம்ப வேண்டும் என்பதற்காக நோபிட்டா ராத்திரியில் தனியாக ஜியானோடு மோதுகிறான். அடி வாங்குகிறான், திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறான், கடைசியில் ஜியானே சலித்துப்போய் விட்டுவிடுகிறான். காலையில் பக்கத்தில் டோரேமான் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஏப்ரலில் நான்காம் வகுப்பு இதழைத் திறந்தால், சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும் ஒரு மருந்தைக் குடித்துவிட்டு, டோரேமான் திரும்பி வரவே மாட்டான் என்று நோபிட்டா அழுகிறான். டோரேமான் வந்து நிற்கிறது. இதைவிட அழகான சமாளிப்பை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

என் பழைய கட்சி தவறவிட்டது இதைத்தான். "என்னோடு வளர வேண்டும்" என்று கேட்டபோது, இந்தத் தொடர் என்னுடையது, எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு இல்லை என்றுதான் கேட்டிருக்கிறேன். எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஆஷ் வளர்வது இல்லை, யாராவது ஒரு முறை முறையாக டாட்டா சொல்வது. அதை போகிமான் 25 வருஷம் சொல்லவில்லை. நாம்தான் என்றைக்கோ ஒரு நாள் சேனலை மாற்றிவிட்டு, திரும்பிப் போகாமல் இருந்துவிட்டோம்.

கடைசியில் சொன்னார்கள். 2022 நவம்பரில் ஆஷ் உலக சாம்பியன் ஆனான். அடுத்து, பழைய நண்பர்களையும் கூட்டிக்கொண்டு 11 எபிசோடுகள், 2023 மார்ச் 24 அன்று கடைசி. ஏப்ரல் 14 அன்று லிக்கோ என்ற பெண்ணோடு புதுத் தொடர். மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடக்கம், அதே ஜப்பானியப் பள்ளிக்கூடக் கணக்கு. வியாபாரம் இல்லையா என்றால், இருக்கிறது. பிக்காச்சுவை விட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஏது? ஆனாலும் டாட்டா டாட்டாதான்.

1974 மார்ச்சில் ஏதாவது ஒரு ஜப்பானிய வீட்டில் அண்ணன் மூன்றாம் வகுப்பு, தங்கச்சி இரண்டாம் வகுப்பு என்று இருந்திருப்பார்கள். அண்ணன் இதழில் டோரேமான் போய்விட்டது. தங்கச்சி இதழில் அது இன்னும் நோபிட்டா வீட்டிலேயே இருக்கிறது. அவன் அதை எட்டிப் பார்த்திருப்பானா, அவளிடம் சொல்லியிருப்பானா?

அக்கா வீட்டில் இப்போது லிக்கோ ஓடுகிறது. தங்கச்சிதான் பார்க்கிறாள். பதினொன்று முடிந்தவன் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, ஆஷ் இருந்திருந்தா" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். எபிசோடு முடியும் வரை நகரவில்லை, உட்காரவும் இல்லை.