கச்சானில் வேகம், வாடையில் பொறுமை

1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் நீர்வண்ண ஓவியத்துக்கும் தங்கப் பதக்கம் இருந்தது. ‘ரோடியோ’ என்ற படத்துக்காக அமெரிக்கர் லீ பிளேர் அதை வென்றார். படம் விளையாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 1948-க்குப் பிறகு கலைப் பதக்கங்களையே கைவிட்டார்கள். ஊரோரத் தோப்பைப் பருவந்தோறும் தீட்டுபவருக்கு அந்த மேடையில் இடம் கிடைத்திருக்காது. ஆனால் அவருடைய ஆட்டமும் கடினமானதுதான். எதிராளி, காகிதம் காயும் நேரம்.

ஐரோப்பியப் பாடநூலின் வியூகம் எளிது: வசந்தத்துக்கு இளம்பச்சை, இலையுதிர்காலத்துக்கு ஆரஞ்சு, பனிக்கு வெள்ளை. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம் கரையில் அது முதல் ஓவரிலேயே அவுட். புதுக்கோட்டைக் கோயில்காடுகளின் வீரையும் உலக்கைப்பாலையும் ஆண்டு முழுக்க இலை தாங்குபவை. 1978-இல் தேசியப் பூங்காவான, சென்னை நகருக்குள்ளேயே இருக்கும் கிண்டிக் காடும் இதே உலர் பசுமைமாறா வகைதான். இங்கே பருவத்தை இலையில் மட்டும் தேடினால் போதாது. கடலோடிகளைப் போலக் காற்றிலும் பார்க்க வேண்டும்.

மாசி, பங்குனியில் வேம்பு பழுத்த இலையை உதிர்த்துச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவை நீர்க்கப் பூசி, ஈரம் இருக்கும்போதே மஞ்சளைத் தொட்டு வைத்தால் தளிர் தானாக வரும். தளிர் சில நாளில் பச்சையாகிவிடும் என்பதால் தள்ளிப்போட முடியாது.

ஆனி, ஆடியில் மேல்காற்றான கச்சான் வீசும். பூசிய வண்ணம் பரவுமுன்பே அதன் ஓரம் காய்ந்து கோடாகிவிடும். சிறிய தூரிகையோடு இறங்குபவர் இங்கே தோற்பார். காகிதத்தின் இரு பக்கமும் நனைத்து, பெரிய தூரிகையால் முழுத் தோப்பையும் ஒரே வீச்சில் பூசுவதே சரியான ஆட்டம். புழுதி படிந்த இலைக்குப் பச்சையோடு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் கலந்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். அரை ஈரத்தில் அடுத்த பூச்சு வைத்தால் நீர் பின்னோக்கிப் பாய்ந்து காலிஃபிளவர் போலக் கறை படரும். தூரிகையில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு காத்திருப்பதே வழி. ஈரக் காற்றில் திறந்து கிடந்த காகிதத்தில் மேற்பூச்சுப் பசை கெட்டு, அது வண்ணத்தை உறிஞ்சிவிடும். பாலித்தீன் உறையில் மூடி வையுங்கள்.

எல்லாப் பருவத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வெள்ளை என்பது பூசாமல் விட்ட காகிதம். பனையோலை இடுக்கில் தெரியும் வெளிச்சத்தை முதல் பூச்சுக்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும். இதற்கு மறுபரிசீலனை கிடையாது.

என் தீர்ப்பு: கை வேகத்தைவிடக் காற்றைக் கணிப்பதற்கே மதிப்பெண் அதிகம். கடற்கரைப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே மரத்தை, ஒரே இடத்திலிருந்து, ஆண்டு முழுக்கப் பிள்ளைகளைத் தீட்டச் சொல்லுங்கள். படத்தின் மூலையில் தேதியோடு அன்றைய காற்றின் பெயரையும் எழுத வையுங்கள்.